மகன் பெயர் வந்த பக்கம்

நேற்று டண்டினொங் சந்தையில் சுறா வாங்கினேன். மீன்காரன் உள்ளே வெள்ளைத் தாளும் வெளியே பழைய செய்தித்தாளும் வைத்துச் சுற்றிக் கொடுத்தான். குசினியில் அவிழ்த்தபோது மீன் மணத்துக்கு மேலாக அச்சு மை மணந்தது. பெருவிரல் நுனியைத் திருப்பிப் பார்த்தேன், கறுத்திருந்தது. தாளை மேசையில் விரித்தேன். நீங்கள் நடத்தின பேப்பர். அதன் தலைப்பை எனக்கு வாசிக்கத் தேவையில்லை, எழுத்துகளின் வளைவைக் கண்டாலே தெரியும்.

பின்பக்கத்தில், ஈரம் ஊறிய மூலையில், உங்கள் படம் இருந்தது. பேத்தியைக் கூப்பிட்டேன்.

"சுமதி, இதில என்ன போட்டிருக்கு எண்டு வாசி."

அவள் முதலில் தனக்குள் வாசித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பம்மா, ஷீ டைட். செத்துப்போனா."

"எப்ப?"

"மூண்டு கிழமைக்கு முதல். ஃபியூனரலும் முடிஞ்சுது."

நான் சுறாவைக் கழுவினேன். அவித்து, தோலை உரித்து, முள் எடுத்து, வறை செய்தேன். இரவுச் சாப்பாட்டில் மருமகள், "மாமி, இண்டைக்கு வறை நல்லா வந்திருக்கு" என்றாள். நானும் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. இதை எழுதும் இந்த நேரம் வரைக்கும் வரவில்லை. நெஞ்சுக்குள் தேடிப் பார்க்கிறேன், சாமான் ஏற்றிப் போன வீடு மாதிரி இருக்கிறது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. உங்களுக்கு ஒரு எழுத்தும் விளங்கப் போவதில்லை. உங்களுடைய பேப்பரை வாசித்து விளங்கியா நான் உங்களோடு இரண்டரை வருஷம் இருந்தேன்? அதனால் எழுதுகிறேன். நீங்கள் இங்கிலீசில் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் பேச்சாகத்தான் இருக்கிறது. அப்படியேதான் எழுத வரும்.

மகனுக்கு உங்கள் ஊர்க் கவுன்சிலில் எஞ்சினியர் வேலை கிடைத்து நாங்கள் வந்த முதல் மாதம், நீங்கள் நோட்டுப் புத்தகமும் கமராவும் கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். புதிதாக வந்த குடும்பத்தைப் பற்றிப் பேப்பரில் எழுத வேண்டுமாம். மகன் என்னை "அம்மா" என்று கூப்பிட்டதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று எழுதிக்கொண்டீர்கள். அவன் திருத்தப் போனான், நான் விடவில்லை. என்னைவிட ஏழு வயது மூத்த மனுசி கடைசிவரை என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டீர்கள். பிரதான தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு நீங்கள் கையால் ஜாடை காட்டிக் கேட்டீர்கள், மடிக்கத் தெரியுமா என்று. நான் உடுத்திருந்த சேலையைத் தொட்டுக் காட்டினேன். அடுத்த புதன்கிழமையே எனக்கு ஒரு கதிரை போட்டுவிட்டீர்கள்.

புதன் மத்தியானம் உங்கள் பேப்பர்க் கடையின் பின்பக்கம் அச்சு மெஷின் ஓடும். முன்பக்கத்தில் நீண்ட மேசை, நாங்கள் நாலு பெண்கள். வெளித்தாளுக்குள் உள்தாளைச் செருகி, மடித்து, கட்டாகக் கட்டவேண்டும். வியாழன் காலையில் ஊர் முழுக்கப் போய்விடும். எனக்கு வாசிக்கத் தெரியாததே நல்லதாகப் போனது. மற்றவர்கள் செய்தியைப் பார்த்துப் பார்த்து மடிப்பார்கள், நான் விளிம்பை மட்டும் பார்ப்பேன்.

எங்களோடு மடித்த இறைச்சிக் கடைக்காரன் மனுசி ஒருநாள், "அம்மா இருந்தால் உனக்கு இன்னொரு மெஷின் வாங்கத் தேவையில்லை" என்றாள்.

நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, "மெஷினுக்கு எண்ணெய் விடவேணும். அம்மாவுக்குத் தேத்தண்ணி விட்டால் காணும்" என்றீர்கள்.

காதில் விழுந்த சொற்களை இரவு மகனிடம் சொல்லிக் காட்டி, அவன் விளக்கித் தந்தபிறகுதான் நான் சிரித்தேன். அடுத்த புதன் நான் கோப்பையை நீட்டி, "எண்ணெய்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். நீங்கள் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டி வந்தது.

சுமதி பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடி முதலாவதாக வந்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பின்னால் விட்டு ஓடினாள் என் பேத்தி. நீங்கள் படம் எடுத்து மூன்றாம் பக்கத்தில் போட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் நாலு வீட்டுக்கு அதை அனுப்பினேன். பதில் போடாத என் மச்சாள்கூடப் பதில் போட்டாள். அன்று நீங்கள் அந்தப் பக்கத்தை என் முன்னால் வைத்து, படத்தின் கீழே விரலால் தொட்டுக் காட்டினீர்கள்.

"பேப்பரில பேர் வந்திட்டுது. இனி நீங்கள் இந்த ஊர்ச்சனம்."

சுமதியின் பெயருக்குப் பின்னால் நீளமாக நின்றது அவளுடைய அப்பப்பாவின் பெயர், என் மனுசனின் பெயர். என் மகனுக்கும் அதுதான் பின்பெயர். நான் கலியாணம் செய்த நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயர் அது. இவர் உயிரோடு இருந்தபோதும் சொல்லவில்லை, போன பிறகும் சொல்லவில்லை. அதை அச்சில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கிலீசில் எனக்குக் கண்ணால் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

உங்கள் பேப்பரில் கோர்ட் பகுதி ஒன்று இருந்தது. ஊரில் யார் குடித்துவிட்டுக் கார் ஓடியது, யார் சண்டை போட்டது, எல்லாம் பெயரோடு வரும். யார் வந்து கேட்டாலும் நீங்கள் பெயரை விடுவதில்லை. இறைச்சிக் கடைக்காரனே ஒருமுறை வந்து கெஞ்சினான். அவன் போனபிறகு அவன் மனுசிதான் மடித்துக்கொண்டே சொன்னாள், "இவ தன்ர சொந்தத் தம்பியையே போட்டவ. உன்ர முகத்துக்கு விடுவாவோ எண்டு கேட்டனான், மனுசன் கேக்கேல்லை." நீங்களும் சிரித்தீர்கள், அவளும் சிரித்தாள். அதற்குள் காதுக்கு இங்கிலீசு கொஞ்சம் விளங்கும், நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

ரோட்டில் மைல் பலகைகளை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் பலகை நட்ட வருஷம் அது. எங்கள் பகுதியில் அந்த வேலை மகனுடைய பொறுப்பு. வருஷக் கடைசியில் கவுன்சில் கிறிஸ்மஸ் பார்ட்டிக்குப் போனவன், பழக்கமில்லாத குடியைக் குடித்துவிட்டு, பட்டப்பகலில் காரைக் கொண்டுபோய்த் தான் நட்ட பலகையிலேயே மோதினான். ஒருவருக்கும் காயமில்லை. பலகை முறிந்தது. பொலிஸ் வந்தது. மாசி மாதம் கோர்ட்டுக்குப் போனான், லைசன்ஸைப் பறித்தார்கள்.

எனக்கு லைசன்ஸ் பெரிதில்லை. வியாழக்கிழமை பேப்பர் வரும். அதில் குடிகாரர் வரிசையில் இவருடைய பெயர் வரும். அதுவரை நான் வாயில் எடுக்காமல் வைத்திருந்த பெயரை ஊர் முழுக்க வாசிக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் ஒரு காரியம் கேட்கப் போனால் வெறுங்கையோடு போவதில்லை. தட்டத்தில் பழம், பலகாரம் வைத்துக் கொண்டு போவோம். கேட்க வந்ததை முழுக்க வாயால் சொல்லத் தேவையில்லை, எதற்கு வந்தது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அவர் தட்டத்தை வாங்கினால் சம்மதம். "அதில வையுங்கோ, பிறகு கதைப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். திரும்பி வந்துவிடுவோம், மனக்கசப்பும் இருக்காது.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை உங்களிடம் வந்தேன். பித்தளைத் தட்டத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், பயற்றம் பணியாரம், ஊரிலிருந்து கொண்டுவந்த பாக்கில் ஐந்து. வெற்றிலைக்கு அந்த ஊரில் எங்கே போவது, தோட்டத்துத் திராட்சை இலையைக் கழுவி அடுக்கினேன். உங்கள் முன்னால் நின்று, "மை சன். தேர்ஸ்டே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

நீங்கள் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினீர்கள். என் தோளைத் தொட்டீர்கள். ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தீர்கள். சம்மதம்தான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சுவாமி விளக்கு ஏற்றினேன். மகனிடம், "நீ யோசியாதை, நான் கதைச்சிட்டன்" என்றேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

புதன்கிழமை வழமைபோல வந்து என் கதிரையில் இருந்தேன். அன்று நீங்கள் உங்கள் மேசையில் இருக்கவில்லை. எங்கள் பக்கம் வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று, எங்களோடு மடித்தீர்கள். இரண்டரை வருஷத்தில் நீங்கள் மடித்ததை நான் கண்டதில்லை. உங்கள் விளிம்புகள் கோணலாக வந்தன.

உள்தாள் கட்டைப் பிரித்தேன். முதல் தாளிலேயே கண் போய் நின்றது. விளையாட்டுப் போட்டி இல்லை, படம் இல்லை. நீண்ட பத்தியில் நடுவாக இவருடைய பெயர்.

எழுந்து போயிருக்கலாம். தாளைக் கிழித்திருக்கலாம். என் கை நிற்கவில்லை. செருகினேன், மடித்தேன், அடுத்ததை எடுத்தேன். அதிலும் அந்தப் பெயர். அதற்கடுத்ததிலும். இறைச்சிக் கடைக்காரன் மனுசி மூக்கை உறிஞ்சினாள், அது தடிமனாலோ என்னவோ. என் பங்குக் கட்டுகள் முழுவதையும் முடித்தேன். ஒரு விளிம்புகூடக் கோணவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீங்கள் "அம்மா" என்றீர்கள். நான் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமையும் வரவில்லை. ஊர் ஒரு கிழமை சிரித்தது. கவுன்சிலில் மகனுக்குக் கிலோமீட்டர் என்று பட்டம் வைத்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான், கால்பந்துக் கிளப்பில் சேரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. தெருவில் உங்களைக் கண்டால் மற்றப் பக்கத்துக்குப் போவேன். மாரி முடிய மகனுக்கு டண்டினொங்கில் வேலை கிடைத்தது. வீடு மாறும் நாளிலும் உங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த நாலு வருஷத்தில் மனதுக்குள் உங்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். தட்டத்தை வாங்கிவிட்டு வாக்கு மாறினவ என்று மருமகளிடமும் சொல்லியிருக்கிறேன். தமிழ் ஆட்கள் கூடும் வீடுகளிலும் சொல்லியிருக்கிறேன். என் சொல்லில் உங்களுக்கு ஒரு பெயர் இருந்தது, அதை இப்போது எழுத மாட்டேன்.

நேற்று இரவு சாப்பாடு முடிந்து மருமகள் எழுந்து போனபிறகு மகனிடம் சொன்னேன், நீங்கள் போய்விட்டீர்கள் என்று. அவன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே இருந்தான்.

"அம்மா, அவ என்னட்டை வந்தவ."

"ஆர்?"

"அவதான். நீங்கள் தட்டம் குடுத்த அடுத்த நாள். ஒஃபிசுக்கு வந்து, உன்ர அம்மா ஏன் இதைத் தந்தவ எண்டு கேட்டா. நன்றிக்கு எண்டு நினைச்சு வாங்கினவவாம். வாங்கினவுடன உங்கட முகம் தெளிஞ்சதைப் பாக்க, ஏதோ பிழைச்சுப் போச்செண்டு விளங்கினதாம்."

"நீ சொன்னனியோ?"

"சொன்னனான். வாங்கினால் வாக்குக் குடுத்த மாதிரி எண்டு சொன்னனான். கேட்டிட்டு அவ சொன்னா, 'அப்ப நான் வாக்குக் குடுத்திட்டன். இந்தமுறை விடுறன்' எண்டு."

"பிறகேன் போட்டவ?"

"நான்தான் போடச் சொன்னனான்."

அவன் சோற்றுப் பருக்கைகளை விரலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னான். "தன்ர தம்பியைப் போட்ட மனுசி, அம்மா. எனக்கு விட்டால் பிறகு அந்த ஊரில ஆரின்ர பேரையும் போடேலாது. நான் கவுன்சில் ஆள் வேற. என்ர பேர் இல்லாட்டித்தான் சனம் கதைக்கும். போடுங்கோ, அம்மாவுக்கு நான் சொல்லுறன் எண்டு சொன்னனான்."

"நீ சொல்லேல்லை."

"ஓம். சொல்லேல்லை."

"ஏன்?"

"பயம். முதல் பயம். பிறகு நீங்கள் அவவோட கோவிச்சுக்கொண்டு என்னோட நல்லா இருந்தியள். அப்பிடியே விட்டிட்டன்."

நாற்பது வயதில், தலை நரைக்கத் தொடங்கின பிள்ளை. அவனை நான் ஏசவில்லை. "கையைக் கழுவு, காயுது" என்றேன்.

இரவு படுத்திருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமை நான் வந்து கதிரையில் இருந்தபோது, மகன் எல்லாம் சொல்லிவிட்டான், எல்லாம் தெரிந்துதான் இவள் வந்திருக்கிறாள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதனால்தான் வந்து பக்கத்தில் நின்று மடித்தீர்கள். நான் தாளைக் கிழித்துவிடாமல் காவல் நிற்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அதற்கு இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தட்டத்தைத் துலக்கி, அதில் உங்கள் மரத்து எலுமிச்சம்பழங்களை நிரப்பிக் கொண்டுவந்தீர்கள். வெறும் தட்டமாகத் திருப்பித் தரக்கூடாது என்று மகன் சொல்லியிருப்பான் போல. இந்த நாட்டுக் கம்பிவலைக் கதவுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே நிற்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. நான் வாசல் நடைக்குள், கதவிலிருந்து நாலு அடியில் நின்றேன். நீங்கள் தட்டினீர்கள். நான் அசையவில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நான் நிற்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா, புதன்கிழமைக் கதிரையை நான் எடுக்கேல்லை" என்றீர்கள்.

பிறகும் நின்றீர்கள். வாயைத் திறந்து மூடினீர்கள். அந்த இடத்தில்தான் உங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும், மகன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று. ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். உன்ர மகனிட்டைக் கேள் என்றிருந்தால் போதும். என் கோபம் அப்படியே திரும்பி அவன்மேல் போயிருக்கும், அந்த வீட்டில் அவன் இருந்திருக்க முடியாது, அதை அவனைவிட நீங்கள் நன்றாகக் கண்டிருக்கிறீர்கள். குனிந்து தட்டத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனீர்கள். சொல்ல ஒன்றும் இல்லாதவ என்று நான் நினைத்தேன்.

இன்று காலை சுமதியைக் கொண்டு உங்கள் பேப்பருக்குப் போன் எடுப்பித்தேன். இப்போது வேறு யாரோ நடத்துகிறார்கள். இறந்தவர்களுக்கு அனுதாபம் போடும் பகுதியில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரைப் போடவேண்டும் என்று சொல்லச் சொன்னேன். சுமதி போனின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அப்பம்மா, நீங்கள் அவவுக்கு என்ன முறை எண்டு கேக்கினம். ஃப்ரெண்ட் எண்டு சொல்லவா?"

"வேண்டாம்."

மகன் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவன், "ஒண்டும் போடாட்டி ஆர் எண்டு ஊருக்குத் தெரியாதே அம்மா" என்றான்.

"நாலு வருஷம் கதைக்காத ஆளுக்கு என்ன முறை போடுறது, நீ சொல்லு."

அவன் குனிந்து மற்றச் சப்பாத்தைக் கட்டினான்.

"முழுப்பேர் கேக்கினம், அப்பம்மா. லாஸ்ட் நேமும் வேணுமாம்."

அவளுக்குத் தெரிந்த பெயர்தான், அவளுடைய பெயரும் அதுதான். ஆனால் சின்னப்பிள்ளை, என் வாயிலிருந்து வரவேண்டும் என்று போனைப் பிடித்தபடி நின்றாள். நான் சொன்னேன். வாழ்க்கையில் முதல்தரம் இவருடைய பெயரை வாயால், சத்தமாக, என் பெயருக்குப் பின்னால் வைத்துச் சொன்னேன். சுமதி அதை ஒவ்வொரு எழுத்தாக அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

வருகிற வியாழன் வருமாம். அங்கே இன்னும் கையால்தான் மடிக்கிறார்களோ தெரியாது. மடித்தால், புதன் மத்தியானம் யாரோ ஒருத்தி என் பெயரை வாசிக்காமலே செருகி மடித்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். அது சரி.

அழுகை இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், என்னிடம் இருப்பது ஒன்றுதான். கதவுக்கு இந்தப் பக்கம் நாலு அடியில் நான் நிற்கிறேன், அந்தப் பக்கம் நீங்கள் வாயைத் திறந்து, என் பிள்ளைக்காக மூடுகிறீர்கள். காலை எழும்பும்போதும் அப்படியே நிற்கிறீர்கள். நான் இன்னும் கதவுக்குப் போகவில்லை.